நிரஞ்சனாவின் பைனாகுலர்

சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் கடல்நீர் வடிந்து சேறு பளபளக்கிறது. பறவை பார்க்கும் மரக்குடிலின் திறப்பு வழியே காலை வெயில் சாய்ந்து விழுந்து, கதிரேசனின் மடியிலிருக்கும் பைனாகுலரைச் சூடாக்குகிறது. அது மகள் நிரஞ்சனாவுடையது. போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவள் இறந்த பிறகு, அவள் வழக்கமாக உட்காரும் இந்தப் பலகைக்கு அவரும் மனைவி தமயந்தியும் இன்றுதான் வந்திருக்கிறார்கள். பைனாகுலரைக் கண்ணில் வைக்கிறார். எல்லாமே கலங்கித் தெரிகின்றன. அலையாத்தி மரங்கள் பச்சைப் புகையாக நிற்கின்றன, சேற்றில் உள்ளான் பறவைகள் சாம்பல் புள்ளிகளாக நகர்கின்றன. மகள் கிட்டப்பார்வைக்காரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பாள். ஃபோகஸ் திருப்பும் குமிழ் அவள் கண்ணுக்கேற்ற இடத்திலேயே நிற்கிறது.

“ஃபோகஸத் திருப்புங்க லா, தெளிவாத் தெரியும்,” என்கிறாள் தமயந்தி.

“வேணாம். அது அவ வச்சது.”

எதிரே நட்டிருக்கும் மரக்கழியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காருகிறது. “அய்யோ, அவளுக்குப் புடிச்ச பறவை!” தமயந்தி பைனாகுலரைப் பறித்துக் கண்ணில் வைத்து, குமிழை அவசரமாகச் சுழற்றுகிறாள். மூச்சடக்கிப் பார்க்கிறாள். பிறகு அவரிடம் நீட்டுகிறாள். நீல இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. அலகு நுனியில் ஒரு சொட்டு நீர் நடுங்குகிறது. கதிரேசன் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையைத் தாழ்த்துகிறார்.

“பழைய எடத்துக்கே திருப்பி வச்சிரு, தமயந்தி.”

அவள் குமிழில் விரலை வைக்கிறாள். விரல் அசையவில்லை.

“எங்க நின்னுச்சுன்னு நான் பாக்கலைங்க.”