அக்கரைப் பக்கம்

ஈரி ஏரியின் கனடாக் கரையில், தன் வீட்டுச் சுவரை ஒட்டி டி.வி. டவரைத் தானே நிறுத்திவிட்டார் டெல்மர். அவர் உச்சியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, மனைவி வெர்னா டி.வி.யைப் பார்த்து ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"ஐஸ் ஹாக்கி பளிச்சுனு தெரியுதுங்க! இறங்கி வாங்க!"

"அது வேண்டாம். இன்னும் தெற்கே திருப்புறேன்."

"தெற்கே ஏரிதானே இருக்கு? போச்சு, வெறும் புள்ளிதான் வருது! விழுந்து கிழுந்து வைக்கப் போறீங்க!"

"நான் நட்ட டவர் அசையாதுடி. நீ திரையைப் பாரு."

புள்ளிகள் மெல்ல விலகின. ஏரிக்கு அக்கரையில் உள்ள அமெரிக்க டி.வி. நிலையம் தெரிந்தது. ஒரு பெண் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தாள். வெர்னா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"என்னங்க... நம்ம பொண்ணு கோரின்! டி.வி. வேலைக்குப் போறேன்னு அவ கிளம்பினப்போ, 'இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்'னு கத்தினீங்களே!"

டெல்மர் உச்சியிலிருந்தே குனிந்து கேட்டார்.

"இளைச்சிருக்காளா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கா. சிரிக்கிறா."

"அப்ப சரி. இனிமே இந்த ஆன்டெனாவை யாரும் தொடக் கூடாது" என்றார் டெல்மர்.