ரயில் எடுத்த கார்டு

ஓட்டுநர் இல்லாத ரயில்களில் கார்டு மட்டும் மனிதர். அவரைத் தேர்ந்தெடுப்பது ரயிலேதான். படபடக்காத ஆளைத்தான் அது எடுக்கும் என்று நம்பி, மூச்சுப்பயிற்சி செய்துவிட்டுப் போய், தேர்வுப் பயணத்தில் இரண்டு முறை தோற்றிருந்தாள் பூரணி.

"இன்னைக்காவது சாமியார் மாதிரி உக்காராதட்டி," என்று வழியனுப்பினான் கணவன் மாசானம்.

மூன்றாவது தேர்வுப் பயணத்தில், வள்ளியூர் தாண்டியதும் தண்டவாளத்தில் ஓர் ஆட்டுக்குட்டி நின்றது. பூரணிக்கு நெஞ்சு பதறியது. அவள் வாய் திறப்பதற்குள், எழுநூறு பேரைச் சுமந்த ரயில் ஒரு சொட்டுத் தேநீர்கூடச் சிந்தாமல் நின்றது.

"ஆட்டுக்கு நிக்கணும்னு எனக்கு விதி கிடையாது," என்றது ரயில். "உங்க நெஞ்சு அடிச்சது இருக்கை வழியா எனக்குக் கேட்டுது, நின்னேன். நாளைக்குக் காலைல வேலைக்கு வந்துடுங்க."

பூரணி மார்பில் கை வைத்துப் பார்த்தாள். அத்தனை பெரிய ரயிலை நிறுத்தியது, உள்ளங்கைக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.