பளபளக்காத படம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இந்த ஆத்து இரைச்சலில் என் குரல் எடுபடாது.

கிம்மத்ஷோ, ஹோரோக் என்கிற மலையூரின் கடைத்தெருவில் கடைப் போர்டு அடிக்கிறவன். அவன் கடைக்கு ஒருநாள் சாவ்ரி வந்தாள். மலைப்பாதையில் ஆற்றை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறவள். புருஷன் யோர்மமத் இறந்து நாற்பதாம் நாள்கூடக் கழியவில்லை.

"தம்பி, இவரை ஆள் உயரத்துக்கு அடிச்சுக் குடு. சுத்தி வெட்டி எடுத்துடு. நேர்ல நிக்கிற மாதிரி இருக்கணும்" என்று போட்டோவை நீட்டினாள்.

வாசலில் சவாரிக்குக் காத்திருந்த ஜீப் டிரைவர் பக்தோவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"செத்த மனுஷனைக்கூட விடலியா அக்கா? வாசல்ல நிக்க வச்சு ஆள் பிடிக்கப் போறியா?"

சாவ்ரி போட்டோவைக் கிம்மத்ஷோவின் மேஜைமேல் வைத்தாள்.

கிம்மத்ஷோ படம் அடிக்கிற வினைல் ஷீட் சுருள்கள் இரண்டை இறக்கிப் போட்டான்.

"வெளியில நிக்கிறதுன்னா இதைப் போடுங்கக்கா. அஞ்சாறு வருஷம் அசையாது. அந்த இன்னொரு சுருள் மலிவு. ஆனா நம்ம மலை வெயிலுக்கு ஒரே கோடையில வெளுத்து, ஓரம் சுருண்டுக்கும்."

"ரெண்டு மாசம் நின்னாப் போதும்."

"பாத்தியா! புருஷனுக்கு ரெண்டே மாசம்தான் மரியாதை!" என்றான் பக்தோவர்.

"அப்ப மலிவே போதும். லேசா ஃபோம் பலகையில ஒட்டிடலாம். மேல பளபளன்னு ஒரு லேமினேஷன்..."

"பளபளப்பு வேண்டவே வேண்டாம்! வெயில் பட்டா மினுங்கக் கூடாது."

"மினுங்காத மேட் லேமினேஷன் போடலாம். விலை கூட. வினைல்ல மிச்சம் பிடிச்சதெல்லாம் அதுக்கே போயிடும்."

"போகட்டும். கோட்டு கோட்டாத் தெரியணும். முகம் முகமாத் தெரியணும்."

மறுநாள் பக்தோவர் ஜீப்பிலேயே படத்தை ஏற்றிக்கொண்டு போனான் கிம்மத்ஷோ. சாவ்ரி நிறுத்தச் சொன்னது கடைவாசலில் இல்லை. கடைக்குப் பின்னால், ரோட்டுக்கு முதுகு காட்டி, ஆற்றைப் பார்த்து.

"இந்தப் பக்கம் யாரு டீ குடிக்க வருவா, ஆத்து மீனா?" பக்தோவர் சிரித்தான்.

"பொறு. தண்ணி எடுக்க வருவா."

அக்கரை ஆப்கான் மண். பாலத்தில் சந்தை நடந்த காலத்தில் மகள் நிசோராவை அங்கே கட்டிக் கொடுத்தார்கள். பாலத்தை மூடினார்கள், போச்சு. கல்லெறி தூரம்தான், கத்தினாலும் கேட்காது. சாயங்காலமானால் இக்கரையில் அப்பா நின்று கையாட்டுவார், அக்கரையில் மகள் ஆட்டுவாள்.

"படுத்திருக்கார்னு கன்னத்துல கை வச்சுக் காட்டியே இத்தனை நாள் ஓட்டிட்டேன். அந்தக் கரையில அவ வீடு ஒண்ணுதான், போனும் கிடையாது, சொல்றதுக்கும் ஆளில்லை. இதுக்கு முன்ன ரெண்டு தங்கலை தம்பி. இதுக்கு இன்னும் ரெண்டு மாசம். பெத்து எழுந்திரிக்கட்டும், அப்புறம் அழட்டும்."

பக்தோவர் படத்தைப் பிடித்து, அக்கரைக்கு நேராக நிமிர்த்தி வைத்தான்.

நிசோரா வந்தாள். பெரிய வயிறு, கையில் வாளி. நிமிர்ந்து பார்த்தவள் வாளியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கி ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே நின்றாள்.

இக்கரையில் அவர் அசையவில்லை.

அவள் கை மெல்ல இறங்கியது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"எப்பவும் அவர்தான் முதல்ல ஆட்டுவார், தம்பி..." என்றாள் சாவ்ரி.

கிம்மத்ஷோ அன்று ஊர் திரும்பவில்லை. விடிந்ததும் படத்தைச் சாய்த்து, வலது கையைத் தோளோடு அறுத்தான். அதையே திரும்பத் தோளில் ஒற்றை ஆணியில் தொளதொளவென்று மாட்டினான். கையில் தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையை அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, சாவ்ரியின் விரலில் சுற்றிவிட்டான்.