கெட்டியான வேலை

பெல்கிரேடில் அந்தப் பழைய கட்டடத்தின் வாசலில் டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டதும் விதோசவா கீழே ஓடினாள். போன வாரம்தான் முகப்பிலிருந்து காரைக்கட்டி ஒன்று பெயர்ந்து அவள் காலடியில் விழுந்து நொறுங்கியது. கட்டட நிர்வாகியிடம் கத்திக் கத்தித் தொண்டை வற்றியவள் அவள்.

“ஒருவழியா ஆளை அனுப்பிட்டானா அந்தத் தடிமாடு! மேஸ்திரி, ஒரு மடக்கு ராக்கியா ஊத்தட்டுமா?”

“ஏணியில நிக்கும்போது சாராயம் வேணாங்க்கா. காபி போதும்,” என்றான் ரதோயே. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மூடி எல்லாம் போட்டிருந்தான்.

“மெஷின் ஏன் இப்படி மெதுவா சுத்துது?”

“பழைய செங்கல்க்கா. இடிச்சுத் துளைச்சா பொலபொலன்னு கொட்டிடும்.”

துளையிலிருந்த தூசியை ஊதி எடுத்து, திருகாணியைக் கவ்விப் பிடிக்கும் விரல் தடிமன் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகினான். நாலு துளைக்கும் இதே உபசாரம். காரையைத் தாங்கும் கம்பிவலைக்குத்தான் இத்தனையும் என்று நினைத்து அவள் மனம் குளிர்ந்துபோனாள்.

காபியோடு திரும்பியபோது கடைசித் திருகாணியும் இறங்கியிருந்தது. மாட்டியிருந்தது ஒரு தகரப் பலகை: ‘கவனம்! மேலிருந்து காரை விழும்.’

“தூ! இதுக்கா இத்தனை பாடு?” காபியை அப்படியே சாக்கடையில் கொட்டினாள்.

ரதோயே பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

“பின்னே? இது கழண்டு யார் தலையிலயாவது விழுந்தா நாங்கதானேக்கா பதில் சொல்லணும்!”