காருக்குத் துரு வேண்டும்

செந்துறைப் பக்கத்தில் கார் வைத்திருந்தவர் மிராசுதார் கிருஷ்ணமூர்த்தி ஒருவர்தான். காருக்குப் பதினோரு வயசு. ஆனாலும் தினம் எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்ததில், அந்தக் கறுப்பு வர்ணத்தில் முகம் பார்த்து மீசை முறுக்கலாம். அவரும் அதில் பார்த்துத்தான் முறுக்குவார்.

நாற்பத்திரண்டாம் வருஷம் அதற்கு வினை வந்தது. யுத்தத்துக்காக நல்ல நிலையில் இருக்கும் கார்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது, அடுத்த மாதம் திருச்சியிலிருந்து ஓர் ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார் என்று கடுதாசி வந்தது. மிராசுதாருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் அந்த வட்டாரத்தில் யுத்த நிதிக் கமிட்டித் தலைவரே அவர்தான். 'உள்ளதைக் கொடுங்கள்' என்று சந்தையில் மேடை போட்டுப் பேசி, வீடு வீடாகப் பித்தளை அண்டாக்களை வாங்கி அனுப்பியவர். ஆனால் அண்டா ஊரார் வீட்டு அண்டா. கார் அவருடைய கார்.

அப்போதுதான் அரியலூரில் பஸ்ஸுக்கும் கடைப் பலகைக்கும் வர்ணம் பூசும் பூமாலை நினைவுக்கு வந்தான். அவன் அப்பன் இதே பண்ணையில் ஏர் ஓட்டியவன். ஆகவே மகனுக்கும் சூதுவாது தெரியாது என்று மிராசுதார் தீர்மானித்துவிட்டார். ஆள் விட்டு வரவழைத்து, வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். காரைப் பார்த்ததும் ஆபீசர் முகம் சுளித்துக்கொண்டு ஓட வேண்டும். அவர் போனபின் கழுவினால் கார் பழையபடி பளபளக்க வேண்டும்.

பூமாலை தலையைச் சொறிந்தான். செங்கல் பொடியும் காவியும் வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பூசினால் துருவைவிடத் துருவாக இருக்கும், வெந்நீர் ஊற்றினால் கரைந்து ஓடிவிடும் என்றான். ஆனால் பூசிக் காயவைத்து மறுபடி பூச வேண்டும். இங்கே நாலு பேர் பார்ப்பார்கள். அரியலூரில் தன் கொட்டகைக்குக் காரை அனுப்பினால் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்றான். அது நியாயமாகவே பட்டது. டிரைவர் அன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

மூன்று வாரம் கழித்துக் கார் திரும்பி வந்தது. இரண்டு மாடுகள் அதை இழுத்துக்கொண்டு வந்தன. மிராசுதார் பதறிப் போனார்.

"ஓட்டியாந்தா வண்டி ஓடுதுன்னு தெரிஞ்சுபுடுமுங்க எசமான். மாடு கட்டி இழுத்தாந்தா, இது ஓடாத வண்டின்னு ஊரே சாட்சி சொல்லுமில்லீங்களா," என்றான் பூமாலை.

மிராசுதாருக்கு உடம்பு சிலிர்த்தது. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவின் அடிப்பக்கம் அரித்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. கூரையில் வர்ணம் வெளுத்து, தேமல் விழுந்த முதுகு மாதிரி திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. முன் விளக்கு இரண்டையும் காணோம். கழற்றிப் பத்திரமாக வைத்திருப்பதாகப் பூமாலை சொன்னான். இருக்கை கிழிந்து நார் தொங்கியது. ஆபீசர் உள்ளேயும் எட்டிப் பார்ப்பார் என்பதால் நல்ல மெத்தையை எடுத்துவிட்டுப் பழசைப் போட்டதாகச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் மிராசுதார் பலே போட்டார். அவர் மனைவி ஜெகதாம்பாளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"ஏங்க, இது திரும்பவும் நம்ம காரா ஆவுமா?"

"வெந்நி பட்டா போயிடும்டி. வேலக்காரன்னா இவன் வேலக்காரன்," என்றவர், பூமாலைக்கு ஒரு பழைய வேட்டியை எடுத்துப் போடச் சொன்னார். கஞ்சத்தனத்திலும் அவருக்கு ஒரு தாராளம் உண்டு. வேட்டியில் ஒரே ஒரு கிழிசல்தான். பூமாலை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

ஆபீசர் லேசுப்பட்டவராக இல்லை. பேனாக் கத்தியை எடுத்துக் கதவைச் சுரண்டினார். செங்கல் பொடி உதிர்ந்தால் ஜெயில்தான். மிராசுதார் கத்தி முனையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் சுரண்டிய இடத்திலும் துரு. அதற்குக் கீழேயும் துரு. எத்தனை பூச்சுப் பூசியிருக்கிறான் பாவி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"நெஜமாவே இதுதான் உங்க காரா?" என்று கேட்டார் ஆபீசர்.

"இதேதானுங்க சார். மூணு வருஷமா இப்படித்தான் கெடக்கு."

அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் ஆபீசர். பொய்யென்று தெரிந்தால் தண்டனை என்று அச்சடித்த தாள். மிராசுதார் வளைத்து வளைத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆபீசரின் வண்டி தலை மறைந்ததுதான் தாமதம், கமிட்டிக்குக் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்த தம் வீட்டுப் பெரிய அண்டாவில் வெந்நீர் போடச் சொன்னார். கார் முழுக்க ஊற்றித் தேய்த்தார்கள். துரு போகவில்லை. பசை இறுகியிருக்கும் என்று இன்னும் கொதிக்கக் கொதிக்க ஊற்றச் சொன்னார். அப்போதும் போகவில்லை. மிராசுதாரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தார். கதவு பெயர்ந்து கையோடு வந்தது. அலறியடித்துக்கொண்டு முன் மூடியைத் தூக்கினார். உள்ளே என்ஜின் இல்லை.

என்ஜினைத் திருடிவிட்டானே என்று தலையில் அடித்துக்கொண்டார். போலீசுக்குப் போகலாமென்றால், மூன்று வருஷமாக இப்படித்தான் கிடக்கிறது என்று எழுதிக்கொடுத்த மசிகூட இன்னும் காய்ந்திருக்காது. ஜெகதாம்பாள் காரின் பின்பக்கத்தைக் கை நீட்டிக் காட்டினாள்.

அந்தக் கார் முழுவதிலும் பூமாலை சொன்னபடி வெந்நீரில் கரைந்து ஓடியது, வேறு யாருடையதோ ஒரு காரின் நம்பர் மேல் அவன் எழுதி வைத்திருந்த மிராசுதாரின் கார் நம்பர் ஒன்றுதான்.