கைப்பிரேக்

கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு துண்டு. சரக்கு வேகனின் கைப்பிரேக் கம்பி, பாதித் தீக்குச்சி நீளம்கூட இல்லை.

பரிசோதகர் அதை பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நறுக்கி எடுத்தார். ஓரத்துப் பிசிறை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். அப்புறம் இடுக்கியில் பிடித்தபடி, பசையைத் தொடாமல், அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்.

வேலை தெரியாதவர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ரயில் யார்டில் நிஜ வேகன்களுக்கு அடியில் குனிந்து பார்த்து, சுண்ணக்கட்டியால் 'சரி' என்று எழுதிச் சம்பளம் வாங்கியவர். இப்போது வீட்டு மேஜையில் பொம்மை வேகன் கட்டிப் பொழுது போக்குகிறார்.

ஆனால் இந்த வேகன் அவருடையது இல்லை. அவரோடு அதே யார்டில், தடம் மாற்றி வேகன்களை நிறுத்தி பிரேக் போடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த கூட்டாளி வாங்கி, பாதி கட்டி, போன மாதம் கண்ணை மூடிவிட்டார். பக்கத் தகடுகளை ஒட்டி, சக்கரம் மாட்டி, பழசாகத் தெரியத் துருப்பொடியைத் தூரிகையால் தேய்த்து, வேகன் எண் அச்சிட்ட ஒட்டுத்தாளைக்கூடத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டியிருந்தார். அதே யார்டு, அதே வகை வேகன், அதே எண்.

மீதியை முடித்துத் தரும்படி கூட்டாளியின் மகள் கொண்டுவந்து வைத்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், மரியாதை தெரிந்த பெண். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஏணி, கைப்பிடிகள், இணைப்புக் கொக்கி, பிரேக் கட்டைகள் எல்லாம் பத்து நாளில் முடிந்தன. இந்தக் கம்பிதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

கம்பி கீழே இருந்தால் பிரேக் போட்டது என்று அர்த்தம். மேலே இருந்தால் போடாதது. எப்படி வேண்டுமானாலும் ஒட்டலாம், உங்கள் விருப்பம் என்று விளக்கத் தாளில் படம் போட்டிருந்தார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பும் அவர் விருப்பம்தான் நடந்தது.

சரிவுப் பாதையில் தனியாக நின்ற அதே எண் வேகன் பட்டப்பகலில் தானாக உருண்டது. கீழே தண்டவாள வேலை செய்துகொண்டிருந்த ஒருவருக்கு முழங்காலோடு கால் போனது. முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவர் பரிசோதகர். கம்பி கீழேதான் இருந்தது. பாயிண்ட்ஸ்மேன் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். சக்கரத்தைப் பிடிக்க வேண்டிய கட்டைதான் தேய்ந்து விழுந்து எத்தனை நாளோ ஆகியிருந்தது. காலையில் குனிந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அன்றைக்கு இடுப்பு வலி, நின்றபடியே 'சரி' எழுதிவிட்டார்.

நாலு பேர் வந்து சேர்வதற்குள் கம்பியைத் தூக்கி மேலே மாட்டினார். கட்டை மோதலில் கழன்றிருக்கும் என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். கம்பி மேலேதான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று நாக்கு கூசாமல் சொன்னார். கூட்டாளிக்கு வேலை போனது. பரிசோதகருக்குப் பதவி உயர்வு வந்தது. நல்ல மனுஷர், அதையும் வாங்கிக்கொண்டார்.

இன்றைக்குக் கீழே ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தார். அந்தப் பெண் பார்ப்பாள், ஏன் என்று கேட்பாள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். தானாகப் பேச்சை எடுக்கத் துப்பில்லாதவருக்கு இதுவே பெரிய வீரம்.

குண்டூசி முனையில் ஒரு சொட்டுப் பசை எடுத்தார். கம்பி கீழே உட்கார்ந்தது.

மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் வந்தாள். வேகனை உள்ளங்கையில் ஏந்தி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அப்பா இருந்து பார்த்திருக்கணும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் விரல் அந்தக் கம்பிக்கு அருகே நின்றது.

"மாமா, இது மாறிப்போச்சு. மேல இருக்கணும்."

பரிசோதகர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். அன்றைக்கு அது கீழேதான் இருந்தது என்று ஆரம்பிக்கப் போனார். அவள் விடவில்லை.

"மொதல்ல அப்பா போட்டேன் போட்டேன்னுதான் கத்திக்கிட்டு இருந்தாரு. அப்புறம் நீங்க சாட்சி சொன்னதக் கேட்டு அவராவே சொல்லிட்டாரு மாமா. அவன் பொய் சொல்ற ஆள் இல்ல, நான்தான் மறந்திருக்கேன்னு."

மீதியையும் அவளே சொன்னாள். கால் போனவர் வீட்டுக்கு அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்வந்தாராம். குளிப்பாட்டிவிட்டு, துணி துவைத்துப் போட்டுவிட்டு வருவாராம். ஒருநாள்கூட அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததில்லையாம். இந்த வேகனைக் கட்டியதே கால் போனவருக்குக் கொடுக்கத்தானாம். கம்பியை மேலே ஒட்டி, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது கடைசி ஆசையாம். அதற்குள் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டதாம்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். பத்தொன்பது வருஷமாக அந்த மனுஷன் துவைத்த துணிக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் பதில்.

பரிசோதகர் மேஜைமேல் தடவி பிளேடை எடுத்தார்.

பசை முழுதாக இறுகவில்லை, ஒரு கீறலில் கம்பி வந்துவிட்டது. தழும்பைச் சுரண்டினார். துருப்பொடியைத் தொட்டு மறைத்தார். கம்பியை மேலே வைத்து, மூச்சைப் பிடித்து, நூறு எண்ணும்வரை அழுத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு பொறுமை உங்களுக்கு என்று அவள் சொன்னாள்.

கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டாளாம். நேராக அந்த வீட்டுக்குத்தான் போகப் போகிறாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"நீங்களும் வாங்க மாமா. கண்ணால பாத்த சாட்சி நீங்க ஒருத்தர்தானே."

பரிசோதகர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். பசை இன்னும் ஈரம். காரில் வழிநெடுக, கம்பி கீழே இறங்கிவிடாமல், வேகனை மடியில் வைத்து விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டே போனார்.