நடுவில் ஒரே சட்டி

மூன்றாவது கடையிலிருந்தும் வெளியே வந்துவிட்டாள்.

அண்ணா நகரில் வெயில் மண்டையைப் பிளந்தது. மகளும் மாப்பிள்ளையும் ஒரு மணிக்கு வருகிறார்கள். எங்கே சாப்பிடுவது என்று இன்னும் முடிவானபாடில்லை.

மகள் போனில் தெளிவாகத்தான் சொன்னாள்.

"பெரிய ஓட்டல் வேணாம்மா, பந்தா பண்றேன்னு நெனப்பாரு. ரொம்ப மட்டமாவும் வேணாம். சைனீஸ், தாய், கொரியன், எதுவா இருந்தாலும் சரி. நம்ம சாப்பாடு மட்டும் வேணாம். ஒரே ஒரு தடவைதான் வருவேன்னு சொல்லியிருக்காரு. அவர் சரின்னா வளைகாப்புக்கு வா. இல்லன்னா என்னைக் கேக்காத."

பெற்ற பெண்ணுக்கு ஏழாம் மாதம். அவள் கையில் அம்மா வளையல் போடலாமா கூடாதா என்று எவனோ ஒருவன் சொல்ல வேண்டுமாம்.

எவனோ என்று சொல்லக் கூடாது. செழியன். பெயர் சொல்லிப் பழக வேண்டும்.

முதல் கடையில் கதவு திறந்துவிடவே கோட்டுப் போட்ட ஆள் நின்றான். வேண்டாம்.

இரண்டாவது மோமோ கடை. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி எங்கே நிற்பாள்?

மூன்றாவது ஜப்பான் சாப்பாடு. ஆளுக்கொரு பெட்டி. பெட்டிக்குள் சோற்றுக்கு ஓர் அறை, காய்க்கு ஓர் அறை. யார் கையும் யார் சாப்பாட்டிலும் படாது. அவளுக்குப் பிடித்தே போய்விட்டது. மூன்று பேருக்கு மேசை கேட்க வாயைத் திறந்தாள்.

பக்கத்து மேசைக்குத் தண்ணீர் வந்தது. பேப்பர் கப்பில்.

அவ்வளவுதான். ஓடி வந்துவிட்டாள்.

சனியன் பிடித்த பேப்பர் கப்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆபீஸ் நண்பன் என்று சொல்லி மகள் அவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். இவள் ஊரைக் கேட்டாள். தெருவைக் கேட்டாள். புரிந்துகொண்டாள். எல்லோருக்கும் டம்ளரில் காபி கொடுத்தாள். வேலைக்காரிக்கும் பிளம்பருக்கும் என்று அடுக்கி வைத்திருந்த பேப்பர் கப்பில் ஒன்றை உருவி, அதில் அவனுக்கு ஊற்றினாள்.

அவன் மற்றவர்களின் டம்ளரைப் பார்த்தான். நிதானமாகக் குடித்தான். "காபி நல்லாருக்கு ஆன்ட்டி" என்றான். கப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

கசக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம், பாவி. எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆறே மாதத்தில் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். இவளுக்குச் சொல்லவில்லை.

போன் அடித்தது. எடுக்கவில்லை. மெசேஜ் வந்து விழுந்தது. வண்டி ஏறிட்டோம், எங்க வரணும்?

அவனுக்கு என்னதான் பிடிக்கும்? யோசித்துப் பார்த்தாள். காபி நல்லாருக்கு என்றான். அது ஒன்றுதான் தெரியும்.

அடுத்த சந்தில் நாலாவது கடை. மரப்பெஞ்சு, சுவரில் சீன விளக்கு, விலையும் பரவாயில்லை. மேசைக்கு நடுவில் அடுப்பு. அடுப்பில் ஒரே சட்டி, கொதிக்கிற சூப். காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் காளானும் கீரையும் அள்ளிப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்குப் போன ஸ்பூன் மறுபடி சட்டிக்குள் போனது. நாலு பேர் ஸ்பூனும்.

உவ்வே.

கட்டின புருஷன் இருந்தவரை அவர் குடித்த டம்ளரில் அவள் வாய் வைத்ததில்லை. மகளுக்கு ஊட்டிய கிண்ணத்தில் மிச்சம் இருந்தால்கூடக் கொட்டத்தான் செய்தாள். எச்சில் என்றால் எச்சில்தான்.

பரிமாறும் பெண் வந்தாள். வடகிழக்கு முகம், சுத்தமான சென்னைத் தமிழ்.

"மூணு பேருக்கும் ஒரே பாட் வெச்சுடலாம் மேடம். வேணும்னா தனித்தனியா சின்ன பாட்டும் இருக்கு."

தனித்தனி. அந்தச் சொல் காதில் எவ்வளவு குளிர்ச்சியாக விழுந்தது!

"ஒரே பாட்" என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

கடையின் பெயரை மகளுக்கு மெசேஜ் அனுப்பினாள். அவர்கள் வந்தார்கள். மகள் சட்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்கு இதெல்லாம் ஒத்துக்காதேம்மா."

செழியன் எதிரே உட்கார்ந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். வாங்க என்று சொல்ல நினைத்தவள், மெனு கார்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

சூப் கொதித்தது. யாரும் ஸ்பூனைத் தொடவில்லை.

அவன்தான் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டான். குரலில் கோபமே இல்லை.

"அவங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு குடுத்துருங்க. அவங்களுக்கு அதுதான் பழக்கம்."

கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை.

"வேணாம்" என்றாள்.

ஸ்பூனை எடுத்தாள். சட்டியில் விட்டாள். வாயில் வைத்தாள். நாக்கு சுட்டது, விழுங்கினாள். அதே ஸ்பூனை மறுபடியும் சட்டியில் விட்டுக் கலக்கினாள்.

ஆச்சு. செய்துவிட்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது.

இப்போது சட்டி முழுக்க அவள் எச்சில். தொடலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவன் அவன்.

மகளின் கை வயிற்றின் மேல் இருந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூப் பொங்கியது. பரிமாறும் பெண் வந்து அடுப்பைத் தணித்துவிட்டுப் போனாள்.

அவன் ஸ்பூன் இன்னும் காய்ந்தே கிடந்தது.